260 கிலோ

என் உயரம் ஆறடி இரண்டு அங்குலம். பெருமைக்குச் சொல்லவில்லை. வாக்குமூலம் என்றால் அங்க அடையாளம் முதலில் வர வேண்டும் அல்லவா, அதற்காக.

இந்த உயரத்தால் எனக்கு வாய்த்த வேலைகள் பல. கல்யாண மண்டபத்தில் சீரியல் செட் கட்டுவது, பரணிலிருந்து கொலு பொம்மைப் பெட்டியை இறக்குவது, ரயிலில் யாரோ ஒரு பாட்டியின் கட்டைப்பையை மேல் பலகையில் வைப்பது. இதெல்லாம் எட்டுகிற வேலை. பலம் கேட்கிற வேலை வரும்போதுதான் என் வண்டவாளம் தண்டவாளம் ஏறும். பத்தாம் வகுப்பில் பி.டி. வாத்தியார் என்னை ஏற இறங்கப் பார்த்து (ஏறுவதற்குத்தான் அதிக நேரம் ஆயிற்று) கபடி அணியில் சேர்த்தார். முதல் ரெய்டிலேயே என் இடுப்பளவு இருந்த ஒரு பொடியன் கணுக்காலைப் பிடித்தான். நான் விழுந்து முடிக்கவே கொஞ்ச நேரம் பிடித்தது, அவ்வளவு நீளம். போன வருடம் கீழ்வீட்டு அம்மா, “தம்பி, நீங்க இருக்கும்போது எனக்கென்ன கவலை” என்று நிறை சிலிண்டரைக் காட்டினார். அதை இரண்டு படி தூக்கினேன். மூன்றாவது படியில் அந்த அம்மாதான் ஒரு கை பிடித்தார்.

ஆகவே வாட்டசாட்டமான ஆள் யாரைப் பார்த்தாலும் எனக்குள் ஒரு சந்தேகம் முளைக்கும். இவனும் நம்ம கேஸ்தானோ?

ப்ரீமோ கார்னேராவை நான் பிடித்துக்கொண்டது இந்தச் சந்தேகத்தால்தான். ஆறடி ஐந்தே முக்கால் அங்குலம். 1933-ல் ஹெவிவெயிட் குத்துச்சண்டையின் உலக சாம்பியன்; அந்தப் பட்டத்தை வென்ற முதல் இத்தாலியர். அதற்குப் பிறகு 2005-ல் ரஷ்யாவின் வாலுயேவ் வரும்வரை அவ்வளவு எடையுள்ள சாம்பியன் இன்னொருவர் இல்லை. அதே சமயம், சாம்பியன்களிலேயே அதிகம் கேலி செய்யப்பட்டவர் யார் என்று கேட்டாலும் இவர் பெயர்தான் வரும்.

தூக்கம் வராத ஓர் இரவில், போனில், ஹம்ஃப்ரி போகார்ட் நடித்த ‘தி ஹார்டர் தே ஃபால்’ படத்தைப் பார்த்தேன். 1956-ல் வந்தது, போகார்ட்டின் கடைசிப் படம். அர்ஜென்டினாவிலிருந்து ஒரு ராட்சதனைக் கூட்டி வருகிறார்கள். அவனுக்கு அடிக்கவும் தெரியாது, அடியை வாங்கவும் தெரியாது. தாதாக்கள் எதிராளிகளுக்குக் காசு கொடுத்து விழவைத்து, அவனை ஊர் ஊராக ஜெயிக்க வைக்கிறார்கள். இது தன் கதைதான் என்று கார்னேராவே பட நிறுவனத்தின் மேல் வழக்குப் போட்டுத் தோற்றார். அதைவிட, படத்தில் ராட்சதனைத் துவைத்தெடுக்கும் சாம்பியனாக நடித்தவர் மேக்ஸ் பேர், 1934-ல் நிஜமாகவே கார்னேராவைத் துவைத்தெடுத்து பட்டத்தைப் பறித்தவர். இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? அன்று இரவு ஒன்றரை மணிக்கு நான் குத்துச்சண்டை நிபுணன் ஆனேன். அதுவரை என் வாழ்நாளில் ஒருவரையும் குத்தியதில்லை. குத்துப்பட்டிருக்கிறேன், ஒரு முறை, கோயில் நெரிசலில், முழங்கையால்.

நிபுணத்துவத்தை எவ்வளவு நாள் வயிற்றுக்குள் வைத்திருக்க முடியும்? தங்கை மகன் காதுகுத்தில் கக்கினேன். குழந்தை என் மடியில், ஆசாரி ஊசியோடு எதிரில். குழந்தைக்குப் பராக்குக் காட்ட வேண்டியவன், சுற்றி நின்ற பெரியவர்களுக்குக் கார்னேராவின் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

பிராசிகியூஷன் தரப்பு பலமாகத்தான் இருந்தது. இத்தாலியின் வடகிழக்கு மூலையில் செக்வால்ஸ் என்ற ஊரில் 1906-ல் பிறந்தவர். வறுமை, சிறுவனாகவே பிரான்சுக்குப் போய் தச்சு வேலை, பிறகு சர்க்கஸில் பலசாலி வேடம். பால் ஜூர்னே என்ற பழைய குத்துச்சண்டைக்காரர் கண்ணில் பட்டு, லியோன் சே என்ற மேனேஜர் கைக்கு வந்து, 1928 செப்டம்பரில் பாரிஸில் முதல் பந்தயம். ஒன்றரை வருடத்துக்குள் அமெரிக்கா. அங்கே ஓனி மேடன் வகையறா நியூயார்க் தாதாக்கள் பங்குதாரர் ஆகிறார்கள். 1930-ல் மட்டும் இருபதுக்கும் மேற்பட்ட சண்டைகள். எதிராளிகள் இலையுதிர்காலம் மாதிரி உதிர்ந்தார்கள். ஓக்லண்டில் பாம்போ ஷெவாலியே என்பவர் நன்றாக ஆடிக்கொண்டிருக்கும்போதே, அவருடைய மூலையிலிருந்து, அவருடைய ஆளே தோல்வித் துண்டை வீசினான். விசாரணை வரை போனது. அதற்கு முன் ஐரோப்பாவில் ஸ்ட்ரிப்ளிங் என்பவரோடு மூன்று வார இடைவெளியில் இரண்டு பந்தயம்: லண்டனில் தவறான அடி என்று கார்னேராவுக்கு வெற்றி, பாரிஸில் தவறான அடி என்று ஸ்ட்ரிப்ளிங்குக்கு வெற்றி. பேசிவைத்துக்கொண்டு பாகம் பிரித்த மாதிரி.

“அத்தனையும் செட்டப். எடை மட்டும்தான் நிஜம். 260 கிலோ!” என்று முடித்தேன்.

எல்லோரும் சிரித்தார்கள். “அது ஆளா, எருமையா?” என்றார் தங்கையின் மாமனார். நான் பவுண்டைக் கிலோவாக்க மறந்துவிட்டேன். 260 பவுண்ட் என்றால் 118 கிலோ. வாதத்தின் மூக்கு அங்கேயே உடைந்தது. சிரிக்காதவர் ஒருவர்தான்: என் தாய்மாமா. திண்டுக்கல்லில் சைக்கிள் கடை வைத்திருந்து ஓய்ந்தவர், ஐந்தடி இரண்டு அங்குலம். நிதானமாக வெற்றிலையை மடித்தபடி, “இருக்கும். 260 இருக்கும்” என்றார்.

அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

“அந்தாளை நான் கண்ணால பார்த்தவன்யா” என்று தொடர்ந்தார் மாமா. “எட்டு வயசு எனக்கு. எங்க அப்பா மெட்ராஸுக்குக் கூட்டிட்டுப் போனாரு. தோள்ல உக்காந்து பார்த்தேன். மலை நகர்ந்து வர்ற மாதிரி வந்தான். அவனைப் போய் டூப்புங்கிற. எங்கிட்டயே காது குத்துறியா மாப்ள?”

அந்த நேரம் பார்த்து ஆசாரி நிஜமாகவே குத்த, குழந்தை வீறிட, பேச்சு அத்தோடு நின்றது.

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். கார்னேரா 1946 முதல் தொழில்முறை மல்யுத்தத்துக்குப் போய் நாடு நாடாகச் சுற்றியவர். மாமாவுக்கு எட்டு வயது என்றால் ஐம்பதுகளின் நடுப்பகுதி. பொருந்துகிறது. மெட்ராஸுக்கு வந்ததாக எங்கும் படித்த நினைவில்லை. ஆனால் தாய்மாமனிடம் ஆதாரம் கேட்கிற பழக்கம் எங்கள் குடும்பத்தில் கிடையாது.

அடுத்த ஆறு மாதம் எங்களுக்குள் நடந்தது நியாயமாகப் பார்த்தால் ஒரு சொத்துத் தகராறுக்கு உரியது. நான் சுருட்டிய ஆதாரங்களைச் சொல்வேன். அவர், “பொய்யான ஆளு எப்படிய்யா இத்தனை வருசம் தாக்குப்பிடிப்பான்?” என்பார். நான் ஜாக் ஷார்க்கியைக் கொண்டுவருவேன். 1931 அக்டோபரில் இதே கார்னேராவை 15 ரவுண்டும் ஆட்டிவைத்து ஜெயித்தவர் ஷார்க்கி. அதே ஷார்க்கி, சாம்பியனாக, 1933 ஜூன் 29 அன்று நியூயார்க்கில் ஆறாவது ரவுண்டில் ஒரே ஒரு வலதுகை அப்பர்கட்டில் சுருண்டு பட்டத்தைப் பறிகொடுக்கிறார். எப்படி? மாமாவின் பதில்: “மேல உக்காந்தாலே போதுமேய்யா, எதிராளி காலி!” இதை ஏதோ சொல்வழக்கு என்று எடுத்துக்கொண்டேன்.

இங்கேதான் என் தோல்விகளில் பெரியது.

ஷார்க்கி விழும் காட்சியை ஒரு நள்ளிரவில் நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். கோணம் அப்படி, கை பட்ட மாதிரியே தெரியவில்லை. ஆவேசம் வந்து, மாமாவுக்கு வாட்ஸாப்பில் குரல் செய்தி அனுப்பினேன்: “அவன் விழுந்தது சுத்த நடிப்பு. ஒண்ணுமே மேல படல. காசுக்காக விழுந்திருக்கான். வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பாருங்க, புரியும்.”

அது மாமாவுக்குப் போகவில்லை. எங்கள் அடுக்குமாடிச் சங்கத்தின் குழுவுக்குப் போனது. அந்த வாரம்தான் மூன்றாம் மாடிப் பெரியவர், துடைத்து ஈரமாக விட்டிருந்த தரையில் லிஃப்ட் பக்கத்தில் வழுக்கி விழுந்திருந்தார். வைத்தியச் செலவைச் சங்கம் ஏற்பதா வேண்டாமா என்று குழுவில் மூன்று நாளாக வாக்குவாதம். யாரோ சிசிடிவி பதிவையும் போட்டிருந்தார்கள். அதற்கு நேர் கீழே என் குரல்.

பதறிப்போய் அழிக்கப் போனேன். ‘எல்லோருக்கும் நீக்கு’ என்பதற்குப் பதிலாக ‘எனக்கு மட்டும் நீக்கு’ என்பதை அழுத்திவிட்டேன். என் போனில் அந்தச் செய்தி இல்லை. மற்ற நாற்பத்தெட்டு போன்களில் இருந்தது. காலையில் ஆப்பிள், ஹார்லிக்ஸ் சகிதம் பெரியவர் வீட்டுக்குப் போனேன். மணிக்கட்டில் மாவுக்கட்டு. “1933-ல் ஷார்க்கி என்று ஒருவர், சார்…” என்று ஆரம்பித்தேன். அவர் மனைவி கதவை மெதுவாகச் சாத்தினார். ஹார்லிக்ஸை மட்டும் வாங்கிக்கொண்டார்.

அதற்கு அடுத்த நாளா, இரண்டு நாள் கழித்தா, எர்னி ஷாஃப் பற்றிப் படித்தேன். கார்னேரா பட்டம் ஜெயிப்பதற்கு நாலரை மாதம் முன்பு, 1933 பிப்ரவரி 10, மேடிசன் ஸ்கொயர் கார்டனில் அவரோடு மோதியவர். பதின்மூன்றாவது ரவுண்டில், பார்ப்பதற்குச் சாதாரணமான ஓர் இடதுகைக் குத்தில் விழுந்தார். அரங்கமே எழுந்து நின்று ‘பொய், பொய்’ என்று கத்தியது. கார்னேரா ஜெயித்தால் அது செட்டப்தான் என்று அதற்குள் எல்லோருக்கும் பாடமாகியிருந்தது. ஷாஃப் எழுந்திருக்கவே இல்லை. நான்கு நாள் கழித்து ஆஸ்பத்திரியில் இறந்தார். அதற்கு ஐந்தரை மாதம் முன்பு மேக்ஸ் பேரிடம் வாங்கிய கொடூரமான அடி, அண்மையில் வந்த காய்ச்சல் என்று பல காரணங்கள் பிறகு பேசப்பட்டன. ஷாஃப், ஷார்க்கி வளர்த்துவந்த ஆள். பட்டத்தை இழந்த இரவில், ரிங்குக்குள் ஷாஃப் நிற்பது போல் தோன்றியது என்று ஷார்க்கி பிற்காலத்தில் சொன்னார். தான் காசுக்கு விழவில்லை என்று கடைசிவரை சாதித்தார்.

நடிப்பு என்று கத்திய கூட்டத்தில் எனக்கும் ஓர் இடம் போட்டு வைத்திருந்தார்கள் போலிருக்கிறது. மூன்றாம் மாடிப் பக்கம் போகாமல் படியிறங்கப் பழகினேன். நான் குடியிருப்பது நான்காம் மாடி. எப்படி என்று கேட்காதீர்கள். பின்பக்கம் ஒரு இரும்பு ஏணி உண்டு.

விஷயத்தைத் தெரிந்துகொள்ள வேண்டுமென்றால் கையில் க்ளவுஸ் மாட்ட வேண்டும் என்று அடுத்த புத்தி வந்தது. ஐம்பத்திரண்டு வயதில். பக்கத்துத் தெருப் பயிற்சிக் கூடத்தில் சொல்லிக்கொடுக்கும் தம்பிக்கு இருபத்து நான்கு இருக்கும். என்னைப் பார்த்ததும் அந்தப் பையனின் முகத்தில், பி.டி. வாத்தியார் முகத்தில் பார்த்த அதே வெளிச்சம். “சார், உங்க ரீச்சுக்கு எவனும் கிட்டயே வர முடியாது சார்!” மூன்று நிமிடம் ஒரு ரவுண்ட். மணி அடித்தது. காற்றைத்தான் குத்தினேன், எதிரில் ஆள்கூட இல்லை. நாற்பது விநாடியில் கைகள் தாமாக இறங்கின. தாடைக்கு முன் கையைத் தூக்கி வைத்திருப்பதே ஒரு வேலை என்று அதுவரை எனக்குத் தெரியாது. ஒன்றேகால் நிமிடத்தில் சுவரில் சாய்ந்தேன். பக்கத்தில் ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி கயிறு குதித்தபடியே, “அங்கிள், மூக்கால மூச்சு விடுங்க” என்றாள். பதினொரு நாள் போனேன். கட்டியது மூன்று மாதப் பணம்.

ஆனால் அந்த ஒன்றேகால் நிமிடத்துக்குப் பிறகு கார்னேராவின் பழைய படச்சுருள்களைப் பார்க்கும் கண்ணே மாறிவிட்டது. 1934 மார்ச் 1, மயாமி. எதிரில் டாமி லாஃப்ரன், முன்னாள் லைட் ஹெவிவெயிட் சாம்பியன், நுணுக்கக்காரர். கார்னேரா 270 பவுண்ட், லாஃப்ரன் 184. ஆம், பவுண்ட், இந்த முறை இரண்டு தடவை சரிபார்த்துவிட்டேன், 39 கிலோ வித்தியாசம். மலை தன் காலை மிதித்துக்கொண்டே இருந்ததாக லாஃப்ரன் அலுத்துக்கொண்ட கதை உண்டு. நான் பார்த்தது அதையல்ல. 122 கிலோவைச் சுமந்துகொண்டு பதினைந்து ரவுண்ட், அதாவது நாற்பத்தைந்து நிமிடம், ஒரு மனிதன் காலை மாற்றி மாற்றி வைத்து நகர்ந்துகொண்டே இடதுகை ஜாபை நீட்டிக்கொண்டிருக்கிறான். அதற்கு முந்தைய அக்டோபரில் ரோமில், முசோலினி பார்த்திருக்க, உஸ்குடுனுக்கு எதிராகவும் அதே பதினைந்து. எதிராளியைக் காசு கொடுத்து வாங்கலாம். மூச்சை எங்கே வாங்குவது? எனக்கு வாங்கிய மூச்சைத் தம்பி மட்டுமல்ல, தெருவே கேட்டது.

இப்போது என் தீர்ப்பைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு அதற்குத் தகுதி இல்லை என்பது மேலே நிரூபணமாகிவிட்டது. ஆரம்பப் பந்தயங்களில் பல கறைபட்டவைதான், அதை மறைக்க முடியாது. ஆனால் அந்தக் கறையால் அதிகம் கெட்டவர் கார்னேராதான். மற்றவர்கள் சின்னச் சின்ன அரங்குகளில் அடிபட்டுத் தொழில் கற்ற வருடங்களில், இவருக்கு எதிரில் நின்றவர்கள் தாமாக விழுந்துகொண்டிருந்தார்கள். யாரிடம் கற்பது? இருந்தும் 1933 வாக்கில் கால் வேலை வந்துவிட்டது, ஜாப் வந்துவிட்டது. வராதது குத்தின் கனம். உடம்பைத் திருப்பி அதன் எடையைக் குத்துக்குள் இறக்கத் தெரியாமல் வெறும் கையாலேயே அடித்தார். நிறை சிலிண்டரைத் தோளால் மட்டும் தூக்கப் பார்த்த ஆளுக்கு இது நன்றாகவே புரிகிறது. 1935 ஜூனில் ஜோ லூயிஸ், அவரைவிட 29 கிலோ குறைந்தவர், ஆறு ரவுண்டில் வேலையை முடித்தார். நல்ல குத்துச்சண்டைக்காரர், மிகப் பெரியவர்களின் வரிசையில் அளவால் மட்டும் பெரியவர். சம்பாதித்ததை மேனேஜர்களும் தாதாக்களும் தின்றார்கள். அவர் தரையில் கிடக்கும் படத்தைப் பத்திரிகைகள் போடக் கூடாது என்று பாசிச அரசு உத்தரவு போட்டது. 1938-ல் ஒரு சிறுநீரகம் போயிற்று. அதன் பிறகுதான் அந்த மல்யுத்தம். கொஞ்சமாவது நிம்மதியாகச் சம்பாதித்தது அதில்தான். 1967-ல் சொந்த ஊருக்குத் திரும்பி இறந்தார், ஜூன் 29 அன்று. பட்டம் ஜெயித்த அதே தேதி.

மாமாவிடம் சரணடைய திண்டுக்கல்லுக்கே போனேன். போனில் சொல்கிற தோல்வியா இது?

“மாமா, நீங்க சொன்னதுதான் சரி. அவர் டூப்பு இல்ல.”

மாமா வெற்றிச் சிரிப்பு சிரிக்கவில்லை. பெரிய மனதோடு தலையாட்டினார். “எனக்குத் தெரியும் மாப்ள. அந்தத் தாடியோட அவன் உறுமுனான் பாரு, முன்வரிசைல ஒரு குழந்தை அழுதுச்சு.”

“தாடியா?”

“ஆமா. கன்னங்கரேல்னு. தாராசிங் அவன் நெஞ்சு உயரம்கூட இல்ல.”

கொஞ்ச நேரம் ஒன்றும் பேசாமல் போனை எடுத்தேன். முகம் மழித்த, பெரிய பற்கள் தெரியச் சிரிக்கும் கார்னேராவின் படத்தைக் காட்டினேன்.

“இது யாரு?” என்றார் மாமா.

ஆறு மாதமாக மாமா வாதாடிக்கொண்டிருந்தது கிங்காங்குக்காக. ஐம்பதுகளில் இந்தியா முழுக்கத் தாராசிங்கோடு மோதிய ஹங்கேரி மல்யுத்தக்காரர். மேலே உட்கார்ந்தாலே எதிராளி காலி என்றது சொல்வழக்கு அல்ல. மனதில் இருந்தது அந்த ஆள் என்பதால்தான் 260 கிலோ என்றபோது மாமா சிரிக்கவில்லை. “கார்னேரான்னு நீ சொன்னப்ப, அதுதான் அவன் சொந்தப் பேரு போலன்னு நினைச்சேன்” என்றார். நான் மாறி மாறி இரண்டு கட்சியிலும் இருந்துவிட்டேன். மாமா வேறு வழக்கிலேயே இருந்திருக்கிறார்.

“சரி, உன் ஆளைக் காட்டு” என்றார்.

மேக்ஸ் பேர் சண்டையைப் போட்டேன். 1934 ஜூன் 14. இந்தப் படத்தில்தான் என் இன்னொரு சிறிய தோல்வி இருக்கிறது. கார்னேரா எத்தனை முறை விழுந்தார் என்று நான்கு தடவை எண்ணியிருக்கிறேன், நான்கு விடை வந்திருக்கிறது. பதினொன்று என்பதுதான் அதிகம் சொல்லப்படும் கணக்கு. சில முறை பேரும் சேர்ந்து விழுகிறார். அதை எந்தக் கணக்கில் எழுதுவது?

மாமா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். கட்டைவிரலால் விரல்கணுக்களைத் தொட்டு எண்ண ஆரம்பித்தார். கார்னேரா விழுந்தார். எழுந்தார். விழுந்தார். கயிற்றைப் பிடித்து எழுந்தார். மாமா வெற்றிலையை மறந்துவிட்டார். பதினொன்றாவது ரவுண்டில் நடுவர் இடையில் புகுந்து நிறுத்தும்போதும் கார்னேரா காலில்தான் நின்றுகொண்டிருந்தார்.

“ஒம்பது” என்றார் மாமா.

“பதினொண்ணு மாமா.”

“ரெண்டு தடவை கால் வழுக்கி விழுந்தான்யா. அதையும் அவன் கணக்குல எழுதுவியா? பின்னால தள்ளு, காட்டுறேன்.”